ஆம்ப்ளிஃபயருக்கு ஃபுல் டிக்கெட்

சித்திரை வெயிலில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேன், மாடியில் ஓர் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே நானும் அம்மாவும் காலண்டர் அட்டையால் விசிறிக்கொள்வோம். மிஷினுக்குச் சூடு ஆகாது என்பார் அப்பா. எனக்கு மட்டும் ஆகுமா என்ற கேள்வி வாய் வரை வரும். கேட்டால் முதுகில் ஒன்று விழும் என்பதால் கேட்டதில்லை.

அது எங்கள் மிஷின் இல்லை. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை ஒட்டி, ஆசிரமத்துப் பக்கம் ஒரு தெருவில், ஒரு வெள்ளைக்காரர் மாடி வீட்டை வருஷம் முழுக்க வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். கார்த்திகை தீபத்துக்கு வருவார், மாசிக்குள் கிளம்பிவிடுவார். மற்ற மாதங்களில் வீட்டையும் மிஷினையும் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. அதற்கு மாதச் சம்பளம் உண்டு. மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த அறையும், சமைக்க ஒரு சிமெண்ட் ஷீட் சாய்ப்பும் எங்களுக்கு. வாடகை கிடையாது. தெருவே அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டது. நாங்களும் அப்படித்தான்.

வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர் அது. மேலே கண்ணாடிக் குழல்கள் வரிசையாக நிற்கும். சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது. குழல்கள் மெல்லச் சிவந்து, இரண்டு நிமிஷம் யோசித்து, பிறகுதான் பாடும். பக்கத்தில் என் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். பெரிய இசைத்தட்டு ஒன்று சுற்றும். பாட்டு எங்களில் யாருக்கும் புரியாத பாட்டு.

சும்மா கிடந்தால் கெட்டுப்போகும் என்று சாமி சொல்லியிருந்தார். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் அப்பா தலைக்குக் குளித்துவிட்டு மாடிக்குப் போவார். குரங்கு நுழையாமல் ஜன்னலைச் சாத்துவார். பழைய பனியன் துணியால் மிஷினை மூலை முடுக்கெல்லாம் துடைத்துவிட்டு அரை மணி நேரம் ஓடவிடுவார். குமிழை அவர் திருகும் பதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டே விரல்கள், அழுத்தமே இல்லாமல். என் காதைத் திருகும்போது அந்தப் பதத்தை நான் கண்டதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு சைக்கிள் கேட்டிருந்தேன். புதிதுகூட இல்லை. தேரடிப் பக்கம் ஒரு கடை வாசலில் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்த பழைய பச்சை சைக்கிள்.

“கையில காசு கம்மியா இருக்குதுடா. பொங்கலுக்குப் பாக்கலாம்” என்றார் அப்பா. எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை.

அந்த மிஷினுக்கு மட்டும் பொங்கல் வரை காத்திருக்கும் வழக்கம் கிடையாது. முன்பெல்லாம் அது கெட்டால் ஊரிலேயே ரேடியோ கடை வைத்திருந்த பாய் ஒருவர் திறந்து பார்த்து, பற்றவைத்துக் கொடுத்துவிடுவார். டீக்காசோடு கொஞ்சம் சேர்த்து வாங்கிக்கொள்வார். ஒருநாள் அவரே கைகூப்பிவிட்டார்.

“இதுக்கு மேல நம்மளால ஆவாதுப்பா. இந்த வால்வு இங்க எங்கயும் வர்றதில்ல. மெட்ராஸ் எடுத்துனு போ.”

மெட்ராஸில் முதல் தடவை எட்டாயிரம் ஆனது. அடுத்த தடவை பதினெட்டாயிரம். சாமி பணம் அனுப்பிவிட்டார். ஆனாலும் அம்மா அந்தத் தொகையை நாலு நாள் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். “இவன் பொறந்தப்பக்கூட ஆஸ்பத்திரிக்கு இவ்ளோ ஆவலயே” என்று என்னைக் காட்டிச் சொன்னாள். அவள் சும்மா சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மனை, கடப்பாரை, அப்பாவின் ஸ்பானர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அம்மா, கிண்ணத்தோடு மாடி ஏறினாள். நானும் பின்னால் போனேன். என் புத்தகப் பைக்கு ஒரு சின்னக் குங்குமப் பொட்டு வைத்ததோடு சரி. மிஷினுக்கோ நெற்றி நிறையச் சந்தனம், அதன் மேல் குங்குமம், தலையில் ஒரு முழம் கதம்பம்.

“அதுக்கு மட்டும் எதுக்கும்மா இவ்ளோ?”

“வாய மூடுடா. நமக்குச் சோறு போடற மிஷினுடா இது” என்றாள் அம்மா. இன்னும் கொஞ்சம் சந்தனத்தை வழித்து, மேலே காற்றுக்காக விட்டிருந்த துளைகளை ஒட்டியும் அப்பினாள். தாராளமாகக் கரைத்த சந்தனம். அது உள்ளே வழிந்ததை அவள் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா சுவிட்சைப் போட்டார். குழல்கள் சிவந்தன. பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம். கருகிய நாற்றம் படி இறங்கிக் கீழே வந்தது. நான் சாய்ப்பில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். இன்னொரு கரண்டி போடச் சொன்னேன்.

மறுநாளே மெட்ராஸ் கிளம்பினோம். வழியில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப்போனார் அப்பா. அதுதான் என் முதல் மெட்ராஸ் பயணம். வீட்டில் இருந்த நல்ல போர்வையை மிஷினுக்குச் சுற்றி, ஜன்னலோர இருக்கையில் அதை உட்காரவைத்தார். ஆடாமல் இருக்க நடுவில் அவர். ஓரத்தில் பாதி உடம்போடு நான். கண்டக்டர் வந்து பார்த்தார்.

“யாருங்க இது? மாப்பிள்ளையா? போர்த்தி ஜன்னலோரம் உக்கார வெச்சிருக்கீங்க?”

“மிஷினுங்க. கீழ வெச்சா அதிரும்.”

“சீட்டு புடிச்சா டிக்கெட் போடணும். இதுக்கு ஒரு ஃபுல்லு, உங்களுக்கு ஒரு ஃபுல்லு. பையனுக்கு அரை.”

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். செஞ்சிக் கோட்டை வந்தபோது எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். எனக்குப் போர்வைதான் தெரிந்தது. பிற்பாடு லோடு வண்டிகளில் அந்த ரோட்டில் எத்தனையோ தடவை போய்விட்டேன். அந்தக் கோட்டையைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் போர்வைதான் ஞாபகம் வருகிறது.

மெட்ராஸில் அந்தக் கடை ஏசி போட்ட ஒரு சின்ன அறை. கண்ணாடி போட்ட ஒருவர் மிஷினைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, குனிந்து மோந்தார்.

“உள்ள என்னங்க இது? சந்தனமா?”

“ஆயுத பூஜைங்க” என்றார் அப்பா.

“எங்க ஊர்ல லாரிக்கு வெப்பாங்க. லாரி தாங்கும்” என்று அவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் கணக்குச் சொன்னார். உள்ளே இருந்த டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. வால்வுகளில் இரண்டும் போயின. எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதற்கு வரி தனி. மொத்தம் தொண்ணூறாயிரம்.

“போன தடவ பதினெட்டுதானே சார் ஆச்சு?”

“அது போன தடவைங்க. இப்ப பார்ட்ஸ் விக்கற விலையே வேற. இத பாக்கத் தெரிஞ்ச ஆளும் கம்மியாயிட்டாங்க. இன்னொருத்தர் இருந்தாரு, கண்ணு தெரியலன்னு கடைய மூடிட்டாரு. அடுத்த வருஷம் வந்தீங்கன்னா நானே இன்னும் ஜாஸ்திதான் சொல்லுவேன்.”

அப்பா வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, சாமிக்கு வீடியோ கால் போட்டார். சாமிக்கு எங்கள் தமிழ் கொஞ்சம் வரும். முகம் இளைத்திருந்தது. தொகையைக் கேட்டதும் கையை ஆட்டினார்.

“வேணாம். பெரிய பணம். போதும். விட்டுடு.”

“சாமி, பாதி நான் போட்டுடறேன். நீங்க வந்து மெதுவா குடுங்க. இல்லன்னா குடுக்கவே வேணாம் சாமி.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பச்சை சைக்கிளுக்கு இல்லாத காசு. காலண்டர் அட்டைக்குப் பதில் இன்னொரு ஃபேன் வாங்க இல்லாத காசு. அதெல்லாம் எங்கே இருந்தது இத்தனை நாள்?

சாமி சிரித்தார். “வேணாம், வேணாம். எனக்கும் வயசு ஆச்சு. பாட்டு இல்ல. அப்புறம் வீடு எதுக்கு?” என்றார். அதை வேடிக்கைபோலத்தான் சொன்னார். நானும் அப்பா தோளுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். ரிப்பேர் இல்லை என்பது போதுமாக இருந்தது எனக்கு. அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பசிக்குது என்று இரண்டு தடவை சொன்னேன். பரோட்டா வாங்கித் தந்தார். அவர் தின்னவில்லை. அவருடையதையும் நானே தின்றேன்.

திரும்பி வரும் வழியில் திண்டிவனம் தாண்டியதும் அப்பா மெதுவாகச் சொன்னார். “சந்தனம்னு அம்மாகிட்ட சொல்லாத. கரண்டு ஏறி இறங்கிச்சுன்னு சொல்லு.”

சரி என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் ஒரு ரகசியம். போர்வைக்குள் இருந்ததற்கு அதில் பங்கில்லை.

தீபத்துக்கு ஊர் நிரம்பத் தொடங்கியிருந்தது. வேலூரிலிருந்து வீட்டுக்காரர் வந்து மாடியைப் பார்த்தார். சாமி வீட்டை விட்டுவிட்டதாகவும், புதிதாக வருபவர்கள் கூடுதல் வாடகைக்கு எங்கள் அறையையும் சேர்த்துக் கேட்பதாகவும் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மிஷினை நீயே வைத்துக்கொள் என்று சாமி சொல்லியிருந்தார்.

கீழ்பென்னாத்தூரில் மாமா வீட்டுக்குப் போவதற்கு ஒரு மினி லாரி வந்தது. பானை, பாத்திரம், கட்டில், ஆட்டுக்கல் எல்லாம் ஏற்றினார்கள். இடம் போதவில்லை. மிஷினை ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில், போர்வை இல்லாமல், கயிறு போட்டுக் கட்டினார்கள். அப்பா பின்னால் சாமான்கள் மேல் ஏறிக்கொண்டார். முன்னால் டிரைவர், நடுவில் அம்மா, ஜன்னலோரம் நான். காலைப் பனிக்கு அம்மா எனக்குப் போர்த்திவிட்டாள். அதே போர்வை.

“ஏன்டா சிரிக்கற?” என்றாள்.

“சும்மா” என்றேன்.

தலைக்குப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் கை அந்த மிஷின் மேல்தான் இருந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தேன். மலை பின்னால் போனது. எவ்வளவு நாளைக்குப் போகிறோம் என்று நான் யாரையும் கேட்கவில்லை.