உள்ளே நனைந்த கட்டு

வெளியே காய்ந்திருக்கும் கட்டு, உள்ளே மட்டும் எப்படி நனையும்? தனுஜாவுக்கு அப்போது இதற்குப் பதில் தெரியவில்லை. மாட்டின் காலடியில் குந்தியிருந்து, காயத்திலிருந்து பிரித்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஹட்டனில் டாக்டர் பிரியந்தி நடத்தும் மிருக வைத்தியசாலையில் தனுஜா உதவியாளர். வட்டகொடை ஊர்ப் பிள்ளை, உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு வேலைக்கு வந்தவள். பூனையைத் துவாயில் சுற்றிப் பிடிப்பதும் மருந்துச் சாமான் வாங்குவதும் அவள் பொறுப்பு. எதையும் சும்மா பார்த்துவிட்டுப் போக அவளால் முடியாது. புதுப் பஞ்சு வந்தால், முதலில் கொஞ்சம் பிய்த்துத் தண்ணீரில் போட்டு அது மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்ப்பாள்.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நல்லமுத்துவின் பசு சிவப்பி, முள்கம்பியில் பின்னங்காலைக் கிழித்துக்கொண்டது. குளம்புக்குச் சற்று மேலே ஆழமான காயம். சினை மாடு வேறு. நல்லமுத்துவின் மனைவி நாகலெட்சுமி கொழுந்து பறிக்கிறாள்; அந்தச் சம்பளத்தை விட்டால் வீட்டுக்குச் சிவப்பியின் பால்தான். டாக்டர் போகும்போதெல்லாம் கட்டுக்கு உள்ளே சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. தோல் வெளுத்து வாடை அடித்தது.

"மழையில விட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"சாமி சத்தியமா இல்லீங்கம்மா!" என்றார் நல்லமுத்து. கட்டின் மேல்துணியும் அப்படித்தான் சொன்னது. மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

"புண்ணு எலும்புக்குப் போயிட்டா மாட்டைக் காப்பாத்த முடியாது" என்றார் டாக்டர்.

காயத்து நீரை உறிஞ்சப் பஞ்சு போதவில்லை என்று தனுஜா நினைத்தாள். கொழும்பிலிருந்து வரும் நல்ல கட்டுகள் இருக்கின்றன. ஆனால் விலை அதிகமான அவற்றைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மாட்டுக்குக் கட்டினால், செலவை நினைத்து அடுத்த முறை வைத்தியரைக் கூப்பிடவே ஆட்கள் பயப்படுவார்கள். கடைத்தெருவில் கிடைப்பதில் எது அதிகம் உறிஞ்சும்? அவள் சோமசுந்தரம் முதலாளியின் கடைக்குப் போய், குழந்தைகளுக்குக் கட்டும் பேம்பர்ஸ் கேட்டாள்.

"யாருக்கும்மா? வீட்டுல விசேஷம்னு ஒரு வார்த்தை சொல்லலையே!"

"மாட்டுக்குங்க முதலாளி."

"மாட்டுக்கா? அப்ப பவுடரும் சேத்துக் கட்டவா?"

வைத்தியசாலை மேசையில் பஞ்சு, கோஸ் என்னும் மெல்லிய வலைத்துணி, பேம்பர்ஸ் மூன்றையும் பரப்பித் தண்ணீர் ஊற்றினாள். உள்ளங்கையால் அழுத்தினாள். பஞ்சு குடித்ததை எல்லாம் கக்கியது. கோஸ் முதலிலேயே கையை விரித்துவிட்டது. பேம்பர்ஸை அழுத்திய கை மட்டும் ஏறக்குறைய காய்ந்தே இருந்தது.

டாக்டர் சிரித்தார். "நல்ல யோசனைதான். ஆனா காயத்து மேல நேரா வைக்காத. வாஸலின் தடவின கோஸ் மொதல்ல, அதுக்கு மேல இது. இறுக்காத."

டாக்டருக்கு அன்று வேறு வேலை இருந்ததால் தனுஜாவே பஸ் ஏறினாள். வருவதாக யாருக்கும் சொல்லவில்லை. பட்டிக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சிவப்பியின் காலில், கட்டுக்கு மேலே, படங்கு சுற்றிக் கயிற்றால் இறுக்கியிருந்தது. ஈரச் செடி உடம்பை நனைக்காமலிருக்கக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டுகிற தடித்த பிளாஸ்டிக் விரிப்பு அது.

"இது என்னங்கண்ணே?"

நல்லமுத்து நெளிந்தார். "எப்பவும் கட்டறதுதான் பிள்ளை. டாக்டரம்மா வர்ற அன்னிக்குக் கழட்டிருவேன். மேல்துணியையும் அடுப்புக்கு மேல காயவெச்சுத் திரும்பச் சுத்திருவேன்."

"ஏன் கழட்டுறீங்க?"

"வேலைக்காட்டு அழுக்குப் படங்கோட பெரியவங்க முன்னாடி நிறுத்துறதா? மரியாதை வேணாமா?"

நாகலெட்சுமி இடையில் புகுந்தாள். "எனக்குக் குடுத்தாரா மரியாதை? என் படங்கை மாட்டுக்குக் கட்டிட்டு, என்னைச் சாக்கைச் சுத்திக் கொழுந்து மலைக்கு அனுப்புறாரு. இவ ராணியாட்டம் நிக்குறா!"

தனுஜா அவளிடம் கேட்டாள்: "அக்கா, படங்கு கட்டிக்கிட்டு மத்தியானம் வரைக்கும் கொழுந்து எடுத்தா உள்ள எப்படி இருக்கும்?"

"கேக்கணுமா? வேர்த்து ஊத்தும். பாவாடையைப் புழிஞ்சா தண்ணி..." நாகலெட்சுமி பாதியில் நிறுத்திவிட்டு மாட்டின் காலைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவர் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

காயத்தைக் கழுவித் துடைத்து, டாக்டர் சொன்ன முறையிலேயே தனுஜா கட்டினாள். நல்லமுத்துவுக்குச் சந்தேகம் தீரவில்லை. "இதுவும் பிளாஸ்டிக்தானே பிள்ளை?"

"வெளிய அப்படித்தாங்கண்ணே. ஆனா உள்ள ஈரத்தைக் குடிச்சுக்கும். குடிச்சுக் கனத்துப்போச்சுன்னா உடனே மாத்திரணும். விட்டா இதுவும் படங்குதான்."

பக்கத்து வீட்டுக் காளியாயி எட்டிப் பார்த்தாள். "அடியாத்தி! பிள்ளைக்குக் கட்டியாச்சு, தொட்டில் எப்ப?"

லயமே சிரித்தது. நல்லமுத்து மட்டும் சிரிக்கவில்லை. கட்டு கனக்கிறதா என்று அன்றே பலமுறை தொட்டுப் பார்த்தார். அடுத்தடுத்த நாட்களில் வாடை குறைந்தது. வெளுத்த இடத்தில் சிவந்த சதை எழும்பியது. ஒரு நாள் விடியற்காலையில், தூக்கியே வைத்திருந்த காலைச் சிவப்பி மெல்லத் தரையில் ஊன்றி, அதில் பாரத்தையும் கொடுத்துப் புல்லுக்குக் கழுத்தை நீட்டியது. நாகலெட்சுமி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இப்போது தனுஜா எந்தப் பட்டிக்குப் போனாலும், "நாங்க இல்லாதப்ப எப்படி வெச்சிருந்தீங்களோ, அப்படியே காட்டுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

உங்கள் லயத்திலும் ஆடு, மாடு வளர்க்கிறவர்கள் இருப்பார்கள். காயத்தை முதலில் மிருக வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். அவர் வரும்போது எதையும் கழற்றி ஒளிக்க வேண்டாம் என்பதற்கு, சிவப்பியின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.