அம்பின் கனம் எந்தப் பக்கம்

பில்லியர்ட்ஸ் ஆடும் கோல்களைச் செய்து பிழைத்தவன் நான். பெங்களூர் தண்டில், அதாவது பட்டாளம் இருந்த பகுதியில், ஒரு பட்டறையில் பல வருஷம் அதே வேலை. துரைமார்களின் கிளப்புகளிலிருந்து நுனி சிதைந்ததும் வளைந்ததுமாகக் கோல்கள் வந்து குவியும். பழையதைச் சீராக்குவோம், புதியதும் செய்வோம். ஒரு கோலைக் கண்ணருகே பிடித்து நீளவாட்டில் பார்த்தால் தலைமயிர் அளவு வளைவையும் சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. அதுதான் என்னைக் கெடுத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். என் மனைவியின் தம்பி பொம்மசந்திராவில் இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு கேழ்வரகும் சர்க்கரைவள்ளியும் போட்டுக்கொண்டிருந்தான். காட்டுப்பன்றி இரண்டு வருஷமாக அவனை விளைச்சல் எடுக்கவிடவில்லை. அந்த ஊரில் ஒரே ஒரு துப்பாக்கி. அதற்கும் சண்டைக் கெடுபிடியில் மருந்தும் கிடைக்காது, குண்டும் கிடைக்காது. தகரத்தைத் தட்டினால் பன்றிகள் நின்று கேட்டுவிட்டு மறுபடி கிழங்கைத் தோண்டின.

"இந்த வருஷமும் போச்சுன்னா என் தம்பி நெலத்தை வித்துட்டுக் கூலிக்கு வந்துடுவான். இத்தனை பேருக்குக் கோல் செதுக்குறீங்களே, அவனுக்கு ஒரு நல்ல அம்பு செதுக்கிக் குடுக்கக் கூடாதா?" என்று மனைவி கேட்டாள். பெற்றோர் போனபின் அவளுக்கு அவனும் அவனுக்கு அவளும்தான்.

அவனுக்கு வில் புதிதில்லை. தளிப் பக்கத்து மலைக்காரர்களிடம் வாங்கிய மூங்கில் வில் ஒன்று வைத்திருந்தான். அதில் முயலும் கௌதாரியும் அடிப்பான். ஆனால் அதோடு வந்த நாணல் அம்புகள் பன்றியின் மேல் பட்டால் துரும்பு மாதிரி ஒடிந்தன. பன்றிக்குத் தோள்பட்டையில் தோல் தடித்துக் கெட்டிப்பட்டிருக்கும். சேற்றில் புரண்டு, மரப் பிசினில் உரசி, அந்தத் தோல் பலகையாகவே ஆகிவிடும். அதைத் துளைக்க வேண்டும், துளைத்த பிறகும் ஒடியக்கூடாது. இதுதான் எனக்கு வந்த வேலை.

இது ஒரு பெரிய வேலையா என்று நினைத்தேன். பட்டறையில் கழித்துப்போட்ட சீமை ஆஷ் மரத் துண்டுகள் நிறையக் கிடந்தன. முதலாளியிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். பில்லியர்ட்ஸ் கோல் எப்படி இருக்கும்? முன்பக்கம் மெல்லியதாக வரும், பின்பக்கம் பருத்து, கருங்காலி போலக் கெட்டியான ஈட்டி மரம் ஒட்டுப்போட்டுக் கனமாக இருக்கும். என் கைக்கு வேறு வடிவம் தெரியாது. அம்பையும் அப்படியே இழைத்தேன். முன்னால் பென்சில் கனம், பின்னால் சுண்டுவிரல் கனம். நாண் வந்து உதைக்கும் இடம் பிளந்துவிடக் கூடாதென்று பின்னால் ஒரு சாண் ஈட்டி மரத்தை ஆப்பாக நுழைத்து வஜ்ஜிரம் போட்டு ஒட்டினேன். முன்பக்கம் மெல்லியதாக இருந்தால் சுலபமாக உள்ளே வழுக்கிக்கொண்டு போகும் என்பது என் கணக்கு. கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும். இறகுக்கு, ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு வான்கோழி வளர்த்த ஒரு வீட்டில் போய் நின்றேன். கடைசியில் அரக்கு பாலிஷ். பாலிஷ் போடாமல் என் கையிலிருந்து எதுவும் வெளியே போனதில்லை.

மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். அம்புகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இத்த வச்சி பன்னி அடிக்கணுமா, கண்ணாடி போட்டு மாட்டணுமா? தும்ப சென்னாகிதே!" என்று பாதி கன்னடத்தில், ரொம்ப நன்றாக இருக்கிறதென்று சொல்லிச் சிரித்தான்.

வைக்கோல் திணித்த சாக்கை மரத்தில் கட்டி அடித்துப் பார்த்தோம். இறகு வரைக்கும் உள்ளே போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. வைக்கோல் சாக்கில் எந்தக் கழிதான் போகாது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பத்து நாளில் ஓசூர் ரோட்டுக் காய்கறி வண்டிக்காரர் மூலம் சேதி வந்தது. வயல் காவலுக்குக் கட்டிய பரணுக்குக் கீழே பன்றி விடியற்காலையில் வந்தது, அம்பு தோளில் பட்டது, இரண்டு விரற்கடை போய் நின்றது, பன்றி உண்ணிப்புதரில் ஒரு உரசு உரசியது, அம்பு முனைக்குப் பின்னால் படக்கென்று ஒடிந்தது. அந்த வண்டிக்காரர் தினமும் எங்கள் வழியாகத்தான் மார்க்கெட்டுக்கு வருவார். கொடுப்பதும் வாங்குவதும் அவர் கையில்தான்.

எனக்குக் கோபம் வந்தது. மரத்தின் மேல் கோபம், பன்றியின் மேல் கோபம். என்மேல் மட்டும் வரவில்லை. முனை சிறியது, அதுதான் குற்றம் என்று கொல்லரைப் பிடித்துக் கொக்கி வைத்த அகலமான முனைகள் அடித்தேன். அவை இன்னும் மோசம். அகலமான இரும்பு தோலிலேயே மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அம்பு போகும்போது பின்பக்கம் ஆடுகிறது என்று மச்சான் சொல்லி அனுப்பினான். நான் செய்த சாமான் ஆடுகிறதாம்! கண்ணில் ஒற்றிப் பார்த்தேன், நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. "உன் தம்பிக்குக் கை நடுங்குது" என்று மனைவியிடம் சொன்னேன்.

மூன்றாம் தடவை செய்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. இடி போதவில்லை, பின்னால் இன்னும் கனம் வேண்டும் என்று முடிவு கட்டி, ஈட்டி மர ஒட்டை ஒரு சாணிலிருந்து ஒன்றரைச் சாணாக்கினேன். ஆட்டக்காரர் பலமாகக் குத்த வேண்டுமென்றால் நாங்கள் கோலுக்கு அப்படித்தான் செய்வோம். அந்த ஆறு அம்புகளை நானே பொம்மசந்திராவுக்கு எடுத்துப்போனேன். வரப்பில் நின்றுகொண்டு, "மச்சான், இது உள்ளே போகலைன்னா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி மாமா" என்றான். அவன் அப்படித்தான். நான் சொன்னால் அவனுக்குச் சரி. திரும்பும்போது, நானும் வீட்டில் அடித்துப் பார்க்கலாமென்று தான் முன்பு வைத்திருந்த இன்னொரு பழைய வில்லைக் கொடுத்தனுப்பினான்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கில் களிமண்ணைப் பிசைந்து அடைத்து, மேலே எருமைத் தோல் துண்டு ஒன்றை இழுத்து ஆணியடித்தேன். முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும். பத்தடி தூரத்திலிருந்து, மூன்றாம் தடவை செய்ததில் மீந்திருந்த அம்பை விட்டேன். தோலில் ஒரு கோணலான கீறல், அம்பு பக்கத்தில் கிடந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. எட்டுத் தடவை. நாண் பட்டு முன்கை கன்றிப்போயிற்று. ஒன்றாவது நிற்க வேண்டாமா? ஆத்திரம் பொறுக்கமுடியாமல் அம்பைக் கையில் எடுத்துக் கொல்லைச் சுவரைப் பார்த்து ஈட்டி மாதிரி வீசினேன்.

அம்பு நடுவழியில் திரும்பியது. இரும்பு முனை என்னைப் பார்க்க, பருத்த பின்பக்கம் போய்ச் சுவரில் மோதியது.

எடுத்து வந்து மறுபடி வீசினேன். இறகையும் இரும்பையும் மீறி மறுபடி திரும்பிற்று. நான் அப்படியே துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கனம் எங்கே இருக்கிறதோ அதுதான் முன்னால் போகப் பார்க்கும். கோலை ஆட்டக்காரர் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார், பின்கனம் அவர் கைக்கு அடக்கம். அம்பை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? மூன்று மாதமாக நான் அம்பைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். பெரிய ஈட்டி மரம்! பெரிய ஒட்டு! தலையில் அடித்துக்கொண்டேன். மனைவி வந்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். "இத்த அவன் அப்பவே சொன்னானே, பின்னால ஆடுதுன்னு" என்றாள்.

மறுநாள், திங்கட்கிழமை, கையிருப்பில் இருந்த அம்புகளையெல்லாம் தலைமாற்ற உட்கார்ந்தேன். ஈட்டி மரம் பருத்து நின்ற பக்கத்தில் இரும்பு, மெல்லிய பக்கத்தில் நாண் மாட்டும் வெட்டு, அங்கேயே இறகு. கொக்கி இல்லாமல் வேப்பிலை போல ஒடுங்கி நீண்ட முனை, இரண்டு பக்கமும் தண்ணீர்க் கல்லில் தீட்டியது. முனை ஏறும் இடத்தில் மரம் பிளக்காமலிருக்க மாட்டு நரம்பால் இறுக்கிச் சுற்றினேன். புதன்கிழமை சாயந்திரம் களிமண் சாக்கில் விட்டேன். தோலைக் கிழித்துக்கொண்டு ஒரு முழம் உள்ளே போயிற்று. பிடுங்கி மறுபடி விட்டேன், மறுபடி ஒரு முழம். ஒரே அம்பை இருபது தடவை விட்டுப் பார்த்தேன். ஒடியவில்லை, முனை மழுங்கவில்லை. எனக்குக் கூத்தாட வேண்டும் போல இருந்தது.

வியாழக்கிழமை காலையில் காய்கறி வண்டிக்காரர் வாசலில் நின்று, "ஏதாவது குடுக்கணுமா?" என்று கேட்டார்.

அம்புகள் கையிலேயே இருந்தன. ஆனால் பார்க்க அசிங்கமாக இருந்தன. பழைய நாண் வெட்டை அடைத்த இடம், பழைய இறகு ஒட்டியிருந்த தழும்பு, அங்கங்கே பாலிஷ் போய்த் திட்டுத் திட்டாக நிறம். மூன்று தடவை மூக்கறுபட்டவன், நாலாம் தடவை இப்படியா கொடுத்தனுப்புவது? "ஞாயித்துக்கிழமை நானே எடுத்துட்டு வரேன்னு சொல்லுங்க" என்றேன். வியாழன் ஒரு பூச்சு, வெள்ளி ஒரு பூச்சு, சனி ஒரு பூச்சு. கண்ணாடி மாதிரி ஆயின.

சர்ச்சில் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நானும் மனைவியும், பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரி எரித்து ஓடிய கரிவாயு பஸ்ஸில் கிளம்பினோம். அம்புகளைத் துணியில் சுற்றித் துணிப்பைக்குள் வைத்திருந்தேன். பஸ் மேட்டில் இரண்டு தரம் நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அதையும் சந்தோஷமாகத் தள்ளினேன்.

மச்சான் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். இடது தொடையிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை துணிக்கட்டு, அதன்மேல் ரத்தம் ஊறிக் காய்ந்திருந்தது. ஆனேக்கல்லிலிருந்து கம்பவுண்டர் வந்து தைத்துவிட்டுப் போயிருந்தார். நரம்பு அறுந்துவிட்டது, முழங்கால் இனி மடங்காது என்று அவர் சொன்னதை வாசலிலேயே பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை எங்களுக்குச் சொன்னாள். சனிக்கிழமை விடியும் நேரத்தில் நடந்தது. பன்றிகள் கூட்டமாக வந்து கொடியை வேரோடு புரட்டிக்கொண்டிருந்தன. ஞாயிறு வரைக்கும் பொறுத்தால் வயலில் ஒன்றும் மிஞ்சாது என்று, ஒன்றரைச் சாண் ஒட்டுப் போட்ட என் அம்பை எடுத்திருக்கிறான். பெரிய ஆண் பன்றி. விலாவில் பட்டது, அது உண்ணிப்புதருக்குள் போயிற்று. அம்பு ஆழமாகப் போயிருக்கும், படுத்துவிட்டிருக்கும் என்று நினைத்துப் பரணிலிருந்து இறங்கிப் பின்னாலேயே போனான். புதருக்குள் கிடந்த பன்றி திரும்பிப் பாய்ந்து தொடையைக் கிழித்துவிட்டது.

"நீங்க சொல்லிட்டுப் போனீங்களே மாமா, இது உள்ள போகும்னு. அதான் எறங்கினேன்" என்றான். குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான்.

அவன் அக்காள், என் மனைவி, அவன் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கண்ணைத் திறந்து அந்தப் பையைப் பார்த்தான்.

"புது அம்பு ஆயிடுச்சா?"

அக்காள் நிமிர்ந்தாள். புதன்கிழமை சாயந்திரம் நான் கூத்தாடாத குறையாக நின்றதைப் பார்த்தவள் அவள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஆகல மச்சான்" என்றேன்.

"பரவால்ல மாமா. அவசரப்படாம, நிதானமாவே பண்ணுங்க" என்றான்.