ஆல்வினா நைகார்ட் திருப்பி அனுப்பிய கடிதம்

எல்க்பெண்ட் உயர்நிலைப் பள்ளியில் என்னுடைய டைப்ரைட்டிங் வகுப்புக்கும் ஜிம்முக்கும் இடையே ஒரு செங்கல் சுவர்தான். முப்பது வருடம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பாடம் நடத்தினேன். பந்து தரையில் மோதும் சத்தத்தை வைத்தே அங்கே ஆடுவது பையன்களா பெண்களா என்று என் மாணவிகள் சொல்லிவிடுவார்கள். பையன்களின் பந்து விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். பெண்களுடையது இரண்டு முறை தட்டும், நிற்கும், மறுபடி இரண்டு முறை தட்டும். பெண்கள் கூடைப்பந்துக்கு அன்று விதி அப்படி. கையில் பந்து வந்தால் இரண்டு தட்டுக்கு மேல் கூடாது, நடுக்கோட்டைத் தாண்டிப் போகக் கூடாது. நெப்ராஸ்காவின் இந்த மூலையில் அந்த விதியை முப்பத்தெட்டு வருடம் கட்டிக் காத்தவர் ஆல்வினா நைகார்ட், பெண்களுக்கான பி.டி. டீச்சர்.

நான் வேலைக்குச் சேர்ந்த 1946இல் அவருக்கு முப்பத்து நான்கு வயது. உயரம், ஒல்லி, கழுத்தில் எப்போதும் விசில். கூரையிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டு, நுனியில் ஈயக் குண்டு கட்டி, ஒவ்வொரு பெண்ணையும் அதன் அருகில் நிறுத்தி முதுகு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்கு மதிப்பெண் உண்டு. நீலநிற விளையாட்டு உடையின் மார்பில் அவரவர் பெயரை அவரவரே தைத்து வர வேண்டும். தையல் கோணலாக இருந்தால் பிரித்து மறுபடி தைக்கச் சொல்வார். பெண்களுக்கு அவரிடம் பயம் இருந்தது. வெறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை. ஏனென்றால் குண்டான பெண், கண்ணாடி போட்ட பெண், பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும் பெண், யாரையும் அவர் ஓரத்தில் உட்காரவிட்டதில்லை.

வருடத்துக்கு ஒரு முறை வசந்த காலத்தில் ஐந்து பள்ளிப் பெண்களைக் கூட்டி விளையாட்டு நாள் நடத்துவார். பள்ளிக்குப் பள்ளி மோதல் கிடையாது. வந்தவர்களைக் கலந்து, கையில் சிவப்பு, மஞ்சள், பச்சை நாடா கட்டி அணி பிரிப்பார். யார் ஜெயித்தது என்று யாரும் எழுதுவதில்லை. ஆட்டம் முடிந்ததும் கோக்கோவும் இஞ்சி பிஸ்கட்டும்.

இதெல்லாம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அந்தக் காலத்தில் கல்லூரியில் பெண் பி.டி. டீச்சர்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கூட்டத்தின் முன்னால் பந்தயம் ஆடுவது பெண்களின் உடம்புக்கும் மனதுக்கும் ஆகாது என்றார்கள். மற்றவர்கள் அதைப் படித்துத் தெரிந்துகொண்டார்கள். ஆல்வினாவுக்கு அது வீட்டிலேயே நடந்தது. அவருடைய அக்கா இங்கா பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடியவள். 1926இல் ஒரு போட்டி. இங்காவுக்குக் கடுமையான காய்ச்சல். பயிற்சியாளர் அவளை வெளியே எடுக்கவில்லை. அரங்கில் ஆண்கள் பெண்களின் கால்களைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள், சிலர் தரையில் காசை வீசினார்கள். அணி ஜெயித்தது. வாதக் காய்ச்சலில் இங்காவின் இதயம் கெட்டது. அதன்பிறகு பதினேழு வருடம் ஜன்னலோர நாற்காலியில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அவளைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது ஆல்வினாதான்.

லிடா கோவரிக் 1951இல் பதினோராம் வகுப்பு. செக் விவசாயக் குடும்பம், ஊருக்கு வடக்கே சோளக்காடு. ஒரு நாள் வகுப்பில் எல்லாரையும் நூறு கஜம் ஓடவிட்டார் ஆல்வினா. புல்தரை, சாதாரண கேன்வாஸ் ஷூ. லிடா பதினொன்றரை வினாடியில் வந்து நின்றாள். கடிகாரம் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி ஓடச் சொன்னார். மறுபடியும் அதே.

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஒமாஹாவில் ஒரு தடகளக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. பெண்ணைக் கோடையில் ஓடவைத்துப் பார்க்க வேண்டும், செலவு அவர்களுடையது, டீச்சர் சிபாரிசு செய்தால் போதும். லிடாவின் அப்பா படிக்காத மனிதர். டீச்சர் சொன்னால் சரி என்றுவிட்டார்.

அன்று மாலை லிடா ஜிம்முக்கு வந்தாள். என் வகுப்புக் கதவு திறந்திருந்ததால் பேச்சு முழுக்கக் காதில் விழுந்தது.

"மிஸ் நைகார்ட், கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"இல்ல லிடா. திருப்பி அனுப்பிட்டேன்."

"ஏன் மிஸ்?"

"உன்னைக் குதிரை மாதிரி ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பாங்க. வேண்டாம். உன் நல்லதுக்குத்தான்."

"எனக்கு ஓடப் பிடிக்குது மிஸ். குதிரைக்கும் பிடிக்கும்தானே?"

ஆல்வினா பந்துகளைப் பெட்டிக்குள் போடும் சத்தம் கேட்டது. லிடா அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அடுத்த வருடம் படிப்பை முடித்தாள், பிறகு ஊரிலேயே பிராண்ட் என்ற டிராக்டர் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

பையன்களின் பயிற்சியாளராக வெண்டல் ஸ்டாக்கர் வந்தது 1955இல். சத்தமான ஆள், கெட்டவர் இல்லை. அவருடைய அணி இரண்டு முறை மாநிலப் போட்டிக்குப் போனதும் ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. போட்டி நெருங்கும் வாரங்களில் பெண்கள் வகுப்பு நேரத்திலும் ஜிம் பையன்களுக்கே போயிற்று. "ரெண்டு வாரம்தான், மிஸ் நைகார்ட். உங்க பொண்ணுங்களுக்கு ஜெயிக்கிற அவசரம் எதுவும் இல்லையே!" என்பார் ஸ்டாக்கர். இரண்டு வாரம் ஆறு வாரமாயிற்று. ஆல்வினா தன் பெண்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப்போய், மேசைகளை ஒதுக்கிவிட்டு, கறியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் மணக்கும் அந்த இடத்தில் கைகால்களை நீட்டவைத்தார். அவர் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. பந்தயமே வேண்டாம் என்று சொன்னவர், பந்தயம் ஆடுகிறவர்களிடம் இடத்துக்காக எப்படி வாதாடுவார்?

1972 கோடையில் வாஷிங்டனில் ஒரு சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் வாங்கும் பள்ளி, பெண் என்ற காரணத்தால் யாரையும் எதிலிருந்தும் ஒதுக்கக் கூடாது. எங்கள் ஊரில் முதலில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. அடுத்த பிப்ரவரியில் லிடா பிராண்ட் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு மனு கொடுத்தாள். அவள் மகள் டெனிஸுக்குப் பதினைந்து வயது. பெண்களுக்கு ஒரு கூடைப்பந்து அணி வேண்டும், வெளியூர்ப் பள்ளிகளோடு ஆட வேண்டும், பையன்களைப் போலவே.

குழுத் தலைவர் ஹோமர் டில்லட்சன் தானியக் கிடங்கு நடத்துபவர். அவர் ஒரு தந்திரம் செய்தார். பெண்களுக்குப் போட்டி ஆகாது என்று இத்தனை வருடம் சொல்லிவந்தவர் நம்மிடமே இருக்கிறார், அவரையே கூப்பிட்டுச் சொல்லவைத்தால் ஆயிற்று என்று ஆல்வினாவை வரச் சொன்னார்.

பள்ளி நூலகத்தில் கூட்டம். நாற்பது பேர் இருப்போம். வெளியே பனி. லிடா முன்வரிசையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ் நைகார்ட், நீங்களே சொல்லுங்க. பொண்ணுங்க போட்டி போடுறது நல்லதில்லைன்னு நீங்கதானே சொல்லிட்டு வர்றீங்க?" என்றார் டில்லட்சன்.

"சொன்னேன்."

"அப்போ விஷயம் முடிஞ்சுது."

"முடியல, ஹோமர். நான் ரெண்டு விஷயம் சொன்னேன். ஒவ்வொரு பொண்ணும் விளையாடணும்னு சொன்னேன். யாரும் பந்தயம் ஆட வேண்டாம்னும் சொன்னேன். நீங்க ரெண்டாவதை மட்டும் காதுல வாங்கிக்கிட்டு ஜிம்மை எடுத்துக்கிட்டீங்க. நானும் குடுத்துட்டேன். என் புள்ளைங்க ஆறு வாரம் சாப்பாட்டு மேசைக்கு நடுவுல நிக்குதுங்க. பந்தயம் ஆடாதவங்களுக்கு இந்த ஊர்ல இடமே இல்லைங்கறது இப்பத்தான் எனக்குப் புரியுது."

"இப்ப என்னதான் சொல்ல வர்றீங்க?"

"அணி வேணும்னு சொல்றேன். திங்கள், புதன், வெள்ளி, மூணு மணிலேர்ந்து ஜிம் எங்களுக்கு. பயிற்சி நான் குடுக்கறேன்."

பின்வரிசையில் யாரோ, "அறுபது வயசுல கோச்சா!" என்றார். "அறுபத்தொண்ணு," என்று திருத்திவிட்டு ஆல்வினா உட்கார்ந்தார்.

சட்டத்துக்குப் பயந்தார்களோ அவருக்குப் பயந்தார்களோ, குழு ஒப்புக்கொண்டது. லிடா எழுந்து போகும்போது ஆல்வினாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் அணித் தேர்வுக்கு முப்பத்து நான்கு பெண்கள் வந்தார்கள். சீருடை என்று தனியாக இல்லை, பையன்களின் இளைய அணி கழித்துப்போட்ட சட்டைகளை ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டார்கள். பெரிய சிக்கல் வேறு. இப்போது பெண்களும் ஐந்து பேராக முழு மைதானத்திலும் ஓடி ஆட வேண்டும். அந்த ஆட்டம் ஆல்வினாவுக்குத் தெரியாது. ஒரு மதியம் அவர் நோட்டுப் புத்தகத்தோடு ஸ்டாக்கரின் அறைக்குள் நுழைந்தார்.

"வெண்டல், எதிராளி முழு மைதானத்துலயும் நெருக்கினா பந்தை எப்படி வெளிய கொண்டு வரது?"

ஸ்டாக்கர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "என் ஜிம்மையும் எடுத்துக்கிட்டு, என் வித்தையையும் கேக்கறீங்களா?"

"ஆமா."

அவர் சிரித்தார். பிறகு எழுந்து கரும்பலகையில் வட்டமும் பெருக்கல் குறியும் போட ஆரம்பித்தார். மூன்று வாரம் இது நடந்தது. ஆல்வினா எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிக்கொண்டார். ஸ்டாக்கர் என்னிடம் ஒரு முறை, "என் பசங்கள்ல ஒருத்தன்கூட இவ்வளவு கேள்வி கேட்டதில்ல, ஹேசல்," என்று அலுத்துக்கொண்டார்.

முதல் போட்டி ஜனவரியில். புள்ளிகள் எழுத ஆள் இல்லாததால், வேகமாக எழுதுவேன் என்ற ஒரே தகுதிக்காக என்னை உட்காரவைத்தார்கள். எதிரணியின் பெண்கள் கிழக்கே நதியைத் தாண்டி, பெண்கள் போட்டி எப்போதும் நிற்காமல் நடந்துவந்த அயோவாவின் அணிகளோடு ஆடிப் பழகியவர்கள். இடைவேளையில் இருபத்தாறுக்கு ஐந்து. நம் ஐந்தும் டெனிஸ் போட்டது. அம்மாவின் கால்கள் அவளுக்கு இருந்தன.

மூன்றாம் கட்டத்தில் டெனிஸ் குதித்து இறங்கும்போது கணுக்கால் மடங்கியது. நொண்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஆல்வினா குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தார்.

"கட்டுப் போட்டு விடுங்க மிஸ், போறேன்."

"உக்காரு."

"எனக்கு வலிக்கவே இல்ல!"

"உக்காருன்னேன்."

அரங்கிலிருந்து லிடா இறங்கி ஓடிவந்தாள். எல்லாரும் பார்க்க, ஆல்வினாவின் முகத்துக்கு நேராக நின்றாள்.

"மறுபடியுமா? என்னைத்தான் தடுத்தீங்க. இப்ப இவளையுமா?"

"கால் சரியில்ல, லிடா."

"அவ ஆடணும்னு சொல்றா!"

"எங்க அக்காவும் அதான் சொன்னா," என்றார் ஆல்வினா. குரல் உயரவில்லை. லிடாவுக்கு இங்காவைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டபின் மகளின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். டெனிஸ் பெஞ்சில் அழுதுகொண்டிருக்க, நாற்பத்தேழுக்குப் பதினொன்றில் தோற்றோம்.

மறுநாள் எக்ஸ்ரேயில் எலும்பில் மெல்லிய விரிசல் தெரிந்தது. இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் முறிந்திருக்கும் என்றார் டாக்டர். திங்கட்கிழமை லிடா பள்ளிக்கு வந்தாள். கையில் ஒரு தட்டு நிறைய கோலாச்சி, நடுவில் கசகசா வைத்துச் சுட்ட பன். ஆல்வினா ஜிம்மில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார், நான் புள்ளிப் புத்தகத்தைக் கொடுக்கப் போயிருந்தேன்.

"காலைப் பத்தி நீங்க சொன்னது சரி," என்றாள் லிடா.

"கடிதத்தைப் பத்தி நான் செஞ்சது தப்பு. உன்கிட்ட கேட்டிருக்கணும். கேக்காமலே அனுப்பிட்டேன்."

"அது தப்புன்னு எனக்கு இருபத்திரண்டு வருஷமாத் தெரியும்."

"எனக்கு ஒரு வருஷமாத்தான் தெரியும்."

லிடா தட்டைப் பெஞ்சில் வைத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, ஆல்வினா கேட்கவும் இல்லை. "தட்டை டெனிஸ்கிட்ட குடுத்து விடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு எல்லா ஆட்டத்துக்கும் வந்தாள். நடுவர்களைத் திட்டுவதில் ஊரிலேயே அவளை மிஞ்ச ஆள் இல்லை.

முதல் வருடம் பதினோரு ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்தார்கள். இரண்டாம் வருடம் ஆறு. மூன்றாம் வருடம் வட்டாரத்தில் இரண்டாம் இடம். அணியில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம் என்பது ஆல்வினாவை உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் தேர்வில் அவர் திருப்பி அனுப்பிய இருபத்திரண்டு பெயர்களைப் படித்தபோது ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அடுத்த வாரத்திலிருந்து பழைய சலவை அறையைக் காலி செய்து, மதிய இடைவேளையில் அந்த இருபத்திரண்டு பேரையும் வாலிபாலும் பூப்பந்தும் ஆடவைத்தார். கூரை தாழ்வு, பந்து குழாயில் பட்டால் ஒரு புள்ளி என்று அவர்களே விதி வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து வந்த சிரிப்பை என் டைப்ரைட்டர்களால் அமுக்க முடியவில்லை.

சட்டம் இன்னொன்றையும் செய்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி உடற்கல்வித் துறை இருக்கக் கூடாது என்று குழு முடிவெடுத்து, 1976இல் இரண்டையும் ஒன்றாக்கியது. தலைவர் ஒருவர்தானே இருக்க முடியும். அது ஸ்டாக்கர். நாற்பத்தோரு வருடம் பெண்கள் துறைக்குத் தலைவராக இருந்தவர் ஒரு காலையில் வெறும் ஆசிரியர் ஆனார். ஸ்டாக்கருக்கே சங்கடம். "நான் கேக்கல, ஆல்வினா. அவங்களா போட்டுட்டாங்க," என்றார்.

"தெரியும். விசில் பெட்டி எங்க இருக்குன்னு காட்டறேன், வாங்க," என்றார் ஆல்வினா.

அடுத்த வருடம் அவர் ஓய்வுபெற்றார். அணி ஜெயிக்க ஆரம்பித்திருந்ததால் பயிற்சியாளர் பதவிக்கு ஒன்பது பேர் விண்ணப்பித்தார்கள், ஒன்பது பேரும் ஆண்கள். இருபத்தாறு வயது இளைஞர் ஒருவரை எடுத்தார்கள். நல்ல பயிற்சியாளர், இரண்டே வருடத்தில் அணியை மாநிலப் போட்டிக்குக் கொண்டுபோனார். ஆல்வினா மாநிலத் தலைநகரான லிங்கன் வரை பஸ்ஸில் போய் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "வேகமா ஆடறாங்க. நாலு பொண்ணுங்க கடைசிவரைக்கும் பெஞ்ச்லயே உக்காந்திருந்தாங்க," என்றார்.

1989இல், எழுபத்தேழு வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார். லூத்தரன் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு. நாற்காலி போதாமல் பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். லிடா என் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தை எனக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டாள். பாதிரியார் அவரை விளையாட்டு வீராங்கனைகளின் தாய் என்றார். அப்படி ஒரு பட்டம் அவருக்குப் பிடித்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். சலவை அறையில் இப்போது அணியினருக்கான எடை தூக்கும் கருவிகள் வைத்திருக்கிறார்கள். மதிய இடைவேளையில் அதைப் பூட்டிவிடுகிறார்கள்.