அடுப்பு வாசலில் சப்பாத்து

விஜயகலாவுக்கு வாய் நீளம் என்று தோட்டமே சொல்லும். அப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேர், தங்களுக்கு ஒரு தகராறு என்றால் அவளைத்தான் முதலில் தேடி வருவார்கள்.

பலாங்கொடைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோர் மூடப்பட்டுப் பல வருடங்களாகிவிட்டன. விஜயகலா அங்கே தூள் சலித்தவள். அவள் புருஷன் கிருஷ்ணராஜ் கீழே இருந்த பெரிய இரும்பு அடுப்புக்கு விறகு போட்டவன். அதன் சூட்டில்தான் கொழுந்து காயும். காலையில் கற்பூரம் காட்டாமல் அதில் யாரும் நெருப்பு வைத்ததில்லை. செருப்புக் காலோடு அதன் முன்னே போனதுமில்லை. பூசை நாளில் தோட்டத்துத் துரைகூட வெறுங்காலோடுதான் வருவார்.

போன வருடம் ஒரு கொழும்புக் கம்பனி, பாழடைந்து கிடந்த ஸ்டோரைச் சுற்றிப் பார்க்கத் திறந்துவிட்டது. வழிகாட்ட விஜயகலாவை வேலைக்கு எடுத்தார்கள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வருகிறவர்களைச் சிரிக்கச் சிரிக்க அழைத்துப் போவாள். அடுப்படிக்கு வந்ததும் குரல் மாறிவிடும். "செரெப்பு கலவன்ன" என்பாள். செருப்பைக் கழற்றாதவர்களை அதற்கு மேல் விடமாட்டாள்.

பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில் கம்பனி மேனேஜர் ஸ்ரீதரன் தன் கூட்டாளிகளோடு வந்தார். அவர்களில் ஒருவர் சப்பாத்துக் காலோடு அடுப்பின் வாய்க்குள் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கப் போனார். விஜயகலா குறுக்கே வந்து நின்றாள்.

"சப்பாத்த கழட்டுங்க சார்."

"இது பழைய இரும்பு விஜயகலா, கோயில் இல்ல" என்றார் ஸ்ரீதரன்.

"கோயில்ல திருவிழாவுக்கு மட்டுந்தான் சோறு சார். இது எங்களுக்குத் தெனமும் போட்டுச்சு."

கூட்டாளிகள் சிரித்துவிட்டார்கள். ஸ்ரீதரனுக்கு முகம் கறுத்தது. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அங்கேயே சொன்னார். அவள் கண் முன்னாலேயே அந்த மனிதர் சப்பாத்தோடு ஏறி உட்கார்ந்து பல்லைக் காட்டினார்.

வீட்டில் கிருஷ்ணராஜ் தலையில் கை வைத்தான். "நானே அந்த அடுப்ப மறந்துட்டேன். ஒனக்கு ஏன்டி வம்பு?"

"அதுல வெந்தது நீங்க. மறந்தாத்தான் ஒங்களுக்குத் தூக்கம் வரும். என்னால ஏலாது" என்றாள். அவளுக்கு அழுகை வந்தது. வேலை போனதற்காக இல்லை, ஆத்திரத்தில்.

மறுநாள் காலை நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். மற்றவர்களைப் போல வரிசையில் நின்று டிக்கட் வாங்கினாள். நேரே கீழே இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்பின் முன்னால் நின்றுகொண்டாள். அடுத்த கூட்டம் வந்ததும் அதே குரலில், "செரெப்பு கலவன்ன" என்றாள். அவர்களும் மறுபேச்சில்லாமல் குனிந்து கழற்றினார்கள்.

செய்தி கேட்டு ஸ்ரீதரன் தடதடவென்று ஓடி வந்தார். "ஒங்கள நேத்தே வேலைய விட்டு அனுப்பியாச்சே! இங்க என்ன செய்றீங்க?"

"சுத்திப் பாக்க வந்தேன் சார்." அவள் டிக்கட்டை நீட்டிக் காட்டினாள். "வேலையத்தான் நேத்தே பறிச்சுட்டீங்க. இனிமே பறிக்க என்னா இருக்கு? மொதல்ல சப்பாத்த கழட்டுங்க."