மருவுக்குப் பங்காளி

கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் எனக்கு ஹெச்.பி.வி. வைரஸ் இருப்பதாக முடிவு வந்தது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: தாம்பத்தியத்தில் தோலோடு தோல் பட்டுப் பரவும், பெரும்பாலும் தானாகவே போய்விடும், போகாமல் வருடக்கணக்கில் தங்கினால்தான் புற்றுநோய்வரை இழுக்கும். வியாழக்கிழமை வந்தால் லென்ஸ் வைத்துப் பார்த்துவிடலாம். நான் போய்ச் சேர்ந்துவிட்டால் ஏழாவது படிக்கும் மகளுக்கு யார் தலை பின்னுவார்கள் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் என் கணவர் தட்டில் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணாமலையார் மேல சத்தியம்! நான் எங்கயும் போனது கெடையாது!" என்று எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கை கொப்பளித்துவிட்டது.

"ஏங்க, யாருகிட்டேர்ந்து எப்போ வந்துச்சுனு யாராலயும் சொல்ல முடியாதாம். பல வருஷம் சத்தமில்லாம கெடக்குமாம். உங்கள யாரு இப்போ கேட்டா?" என்றபடி கையில் தண்ணீர் ஊற்றினேன்.

மாமியார் கவலை வேறு. "அது என்னா வைரஸும்மா?"

"மரு வருதில்ல அத்தை, அந்த வைரஸுக்குப் பங்காளியாம்."

அவ்வளவுதான். மருவுக்கு எங்கள் ஊர் வைத்தியம் குழந்தைக்கும் தெரியும். கோயிலில் உப்பும் மிளகும் போட வேண்டும். உப்பு கரையக் கரைய மருவும் கரையும். மறுநாளே மாமியார் பொட்டலம் பொட்டலமாகப் போட்டுவிட்டு வந்தார்.

"ஜாஸ்தியாவே போட்டுட்டேன். உள்ளார இருக்கறதில்ல? வியாழக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போவாத. சாமிய நம்பாத மாதிரி ஆயிடும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சாமி கோச்சிக்கிட்டா நான் பேசிக்கிறேன்" என்று வியாழக்கிழமை கிளம்பிவிட்டேன். கையில் கட்டோடு கணவரால் வண்டி ஓட்ட முடியாது. நான் ஓட்ட, அவர் பின்னால் முனகிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்த பெண் நேராக அவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன சார் பண்ணுது?" என்றாள்.

புற்றுநோய் இல்லை. பின்னாளில் அப்படி ஆகக்கூடிய மாற்றம் கொஞ்சம் இருந்தது. சூடு வைத்து அங்கேயே நீக்கிவிட்டார்கள். அடுத்த வருடம் மறுபடி பார்க்க வேண்டும். வெளியே வந்து சொன்னதும் கணவர் அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டார். நானும்தான்.

"பாத்தியா, உப்பு வேல செஞ்சிடுச்சி" என்றார் வீட்டில் விஷயத்தைக் கேட்ட மாமியார்.

வாதாட எனக்குத் தெம்பில்லை. "அப்போ பாப்பாவுக்கு இதுக்குனு இருக்கிற தடுப்பூசி வேணாமா அத்தை? உப்பே போட்டுடலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் பேத்தியைப் பார்த்தார். பிறகு என்னை முறைத்தார்.

"கொழந்த விஷயத்துல வெளையாடாத. மொதல்ல ஊசியப் போடு."