குகைக்குள் என் மாமியார்

வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில் இந்த ஊர்க்காரர்கள் கையில் ஸ்வெட்டரோடு கிளம்பினால், குகை பார்க்கப் போகிறார்கள் என்று அர்த்தம். பூமிக்கடியில் எப்போதும் மார்கழிக் குளிர். பிரான்சுக்கு வந்து இத்தனை வருடமாகியும் இந்த ஆசை எனக்கு விளங்கியதில்லை. எங்கள் கரிக்கலாம்பாக்கத்தில் மலையும் கிடையாது, குகையும் கிடையாது. மண்ணில் பொந்து தெரிந்தால் பாம்பு இருக்கும் என்று தள்ளிப் போவோமே தவிர, டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைய மாட்டோம்.

நானும் நுழைந்தேன், மாமியாருக்காக. மாமனார் போன பிறகு ஒதியம்பட்டு வீட்டில் தனியாக இருந்தவரை எங்களோடு கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று வரவழைத்திருந்தோம். எதைக் காட்டினாலும் "நல்லாத்தாம்மா இருக்குது" என்பார். முகத்தில் ஒன்றும் இருக்காது. ஊர் திரும்பும் நாள் நெருங்க நெருங்க, ஒரு தடவையாவது இவரை ஆச்சரியப்பட வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. "அம்மாவுக்குச் சுகரு, முட்டிவலி வேற. ஈரப் படியில எறக்காத" என்று வேலைக்குக் கிளம்பிய கணவர் சொன்னார். என் பொறுப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

குகையின் கூரையில் வௌவால்கள் கொத்தாகத் தொங்கின. "நம்ம கோயில்ல தொங்காத வவ்வாலா? இதுக்கு இன்னாத்துக்கு இம்மாந்தூரம்?" என்றார் அத்தை. பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரர் அவர் மெய்மறந்து பேசுவதாக நினைத்து, "உய், உய், மன்யிஃபிக்", ஆமாம் அற்புதம் என்று தானும் உருகினார். அத்தையும் மரியாதைக்குத் தலையாட்டி வைத்தார்.

அடுத்து ஒரு கண்ணாடித் தொட்டி. பல்லிக்கும் விலாங்குக்கும் நடுவில் வெளிறிய பிராணி ஒன்று அதில் கிடந்தது. பெயர் ப்ரோத்தே. இருட்டிலேயே வாழ்வதால் பார்வை கிடையாது, வருடக்கணக்கில் தின்னாமலும் இருக்கும் என்றார் வழிகாட்டிப் பெண். நான் தமிழில் சொன்னேன். அத்தை முதல்முறையாகக் குனிந்து பார்த்தார். "கண்ணும் இல்ல, சோறும் இல்லியா? பாவம்."

கூட்டம் குறுகலான வழியில் நகர்ந்தது. பின்னால் வருவது அத்தைதான் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அடுத்த கூடத்தில் திரும்பினால் யாரோ ஒரு அம்மாள். வந்த வழி முழுக்கக் கும்மிருட்டு. பாறையில் பாசி பிடிக்காமலிருக்க, ஆட்கள் கடந்ததும் அந்தப் பகுதி விளக்கை அணைத்துவிடுவார்களாம். வழுக்கும் படி, ஓரத்தில் பள்ளம், சுகர் உடம்பு.

"அத்தே" என்று கத்தினேன். வழிகாட்டிப் பெண் ஓடி வந்தார். தினமும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நாள் முழுக்கப் பேசும் பிரெஞ்சில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. இருட்டுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து அவர் என் முதுகைத் தடவி, வெளியே போகும் பக்கமாக நடத்தப் பார்த்தார். கையை உதறி இருட்டைக் காட்டினேன். ஒருவழியாக "பெல்-மேர்" என்று மாமியாருக்கான சொல் வந்தது. விளக்கைப் போட்டார்.

அத்தை தொட்டியருகே கம்பியைப் பிடித்தபடி, டவுன்பஸ்ஸுக்கு நிற்பவர்போல நின்றிருந்தார்.

"இன்னாம்மா, கரண்டு வந்துட்டுதா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அதப் பாத்துக்கினே நின்னுட்டேன், பட்டுனு போயிடுச்சு. வர்ற வரிக்கும் அசையக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? நீ ஏன்டி இப்டி நடுங்குற?" என்றவர், முகமெல்லாம் மலர, "பிரான்சுலயும் கரண்டு போவுது பாரேன்" என்றார்.

ஊரில் கரண்டு போனால் யார் பதறினோம்? கரும்புக்குத் தண்ணீர் பாயும்போது பாதியில் நின்றுவிட்டால், என் அப்பா மோட்டார் கொட்டகையிலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுவார். நாங்கள் இருட்டிலேயே சோற்றைப் பிசைந்தபடி விட்ட பேச்சைத் தொடர்வோம். நானும் அப்படி இருந்தவள்தான். விளக்கு அணையாத தேசத்தில் இருந்து இருந்து அந்த நிதானம் என்னைவிட்டுப் போயிருக்கிறது.

வேண்டுமென்றேதான் அணைத்தார்கள் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். அவர் பத்திரமாக இருக்கிறார், அது போதும். ஒதியம்பட்டு முழுக்க இனி இந்தக் கதைதான்.

என் நடுக்கம் நிற்காததால் வழிகாட்டிப் பெண் முன்னால் நின்று ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து அத்தை மறு கையைப் பிடித்தார். வெளியேறும் படியில் முன்னவர் "துஸ்மோன்" என்றார், பின்னவர் அதையே தமிழில் "மெதுவாடி" என்றார். இருவருக்கும் சேர்த்து ஒரே தடவை தலையாட்டிவிட்டு ஏறினேன்.