தகரத் தொப்பியில் ஆதி தாளம்

எழுபதுகளின் நடுவில், சிட்னியின் லிட்கம் பகுதியில், பழைய நகைச்சுவை இசை நாடகங்களைப் போடும் குழுவொன்றில் சேர்ந்தேன். ஒரு காலத்தில் ஊரே முணுமுணுத்த பாட்டுகளாம். நான் சேர்ந்தபோது பார்க்க வந்தவர்கள் தலை நரைத்தவர்கள் மட்டும்தான். எனக்கென்ன? யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் சங்கீதம் படித்துவிட்டு, இங்கே குசினியில் பாத்திரம் கழுவியபடி குழாய்க்குப் பாடிக்கொண்டிருந்தவள் நான். மேடை கிடைத்தால் போதும்.

கூட்டத்தோடு பாடும் கிராமத்துப் பெண் வேடம் தந்தார்கள். எனக்கென்று தனியாக ஒரே ஒரு வரியும் இருந்தது: "சமையல்காரன்தான் உண்மையான பிரபு!" தொட்டிலில் பிள்ளை மாறிய குட்டு அந்த வரியில்தான் உடையும். மூன்று மாதம் சோறு வடிக்கும்போதும் அதைத்தான் பாடினேன்.

சிக்கல் என் வலது கை. பாட வாயைத் திறந்தால் அது தானாகத் தொடையில் தாளம் போடும். நெறியாளர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், முதல் நாள் காட்சியில் அந்தக் கை ஆடினால் மறுநாள் காட்சியில் வரி வேறொருத்திக்கு என்று.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒத்திகைக்கெல்லாம் கணவர்தான் கூட்டிவந்து, கடைசிக் கதிரையில் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். "உமக்கென்ன விசரே? படிச்ச சங்கீதத்தை விட்டுட்டு இதென்ன கூத்து?" என்பார்.

முதல் காட்சி சனிக்கிழமை மத்தியானம். கணவர் மூன்றாம் வரிசையில். கையைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றேன். வேகமான பாட்டு வந்தபோது பியானோக்கார அம்மா இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். பாதிப் பேர் முன்னால் ஓட, பாதிப் பேர் பின்னால் இழுபட்டார்கள். அந்தக் கண்றாவியை என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு முன்னால் குந்தியிருந்த, காவல்காரன் வேடம் போட்டவரின் தலையில் பிஸ்கட் தகரத்தில் செய்த தொப்பி. கை இறங்கிவிட்டது. டங்! சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், மறுபடி டங்! புறங்கையைப் போட்டபோது காப்பும் சேர்ந்து கிணுங்கியது. பாவம், அந்த மனிதர் அசையவில்லை. பியானோ உட்பட எல்லாரும் ஒவ்வொருவராக என் தாளத்தில் வந்து ஏறினார்கள். ஐயோ, என்ன ஆனந்தம்! கால் தரையில் இல்லை.

பாட்டு முடிந்தது. மேடையே என்னைப் பார்த்தது. நானும் பெருமையோடு மேடையைப் பார்த்தேன். அடுத்த வரி என்னுடையது, பாட வேண்டியது நான்தான் என்று உறைக்கவே இல்லை.

மூன்றாம் வரிசையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. என் கணவர் எழுந்து நின்று, சுருதி சுத்தமாகப் பாடினார்: "சமையல்காரன்தான் உண்மையான பிரபு!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. கிழவிகள் கைத்தடியால் தரையை இடித்தார்கள். சமையல்காரனின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

"இஞ்சருங்கோ, என்ர வரியை ஏன் எடுத்தனீங்கள்?" என்று திரும்பி வரும்போது காரில் அவர்மேல் பாய்ந்தேன்.

"நீர் பாடேல்லை. மூண்டு மாசம் கேட்டவனுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலுமே?"

தாளம் நாடகத்தைக் காப்பாற்றியதால் நெறியாளர் வரியைப் பறிக்கவில்லை. மறுநாள் காவல்காரன் தொப்பிக்குள் துவாய் மடித்து வைத்துக்கொண்டு வந்தார். என் வரியை நானே, ஒரு சுரமும் பிசகாமல் பாடினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.